கன்னம், மூக்கு, நெற்றி

கன்னமா, மூக்கா, நெற்றியா, யுவராணிக்கு இன்னும் பிடிபடவில்லை. இசக்கியின் தொப்புளுக்குக் கீழே வலது கையை வைத்து, விரல்களைக் குவித்து மெல்ல அழுத்தினாள், பிறகு கொஞ்சம் பலமாக அழுத்தினாள், இசக்கி முகத்தைச் சுளித்ததும் கையைத் தளர்த்திக்கொண்டாள். பிள்ளை வெளியே வந்த பிறகு கர்ப்பப்பை சுருங்கிக் கெட்டியாக வேண்டும், கெட்டியானால் ரத்தம் நிற்கும், இளகிக் கிடந்தால் நிற்காது, கால் மணிக்கொரு தரம் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், பிரசவ வார்டில் பாதி வேலை இதுதான் என்று காலேஜில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எது கெட்டி, எது இளக்கம் என்று எப்படி மேடம் தெரியும் என்று ஒருத்தி கேட்டதற்கு, உன் முகத்தையே தொட்டுப் பார், நெற்றி மாதிரி இருந்தால் கெட்டி, மூக்கு நுனி மாதிரி இருந்தால் சுமார், கன்னம் மாதிரி இருந்தால் ஓடிப்போய் ஆளைக் கூப்பிடு என்றார் அந்த மேடம், வகுப்பே முகத்தைத் தொட்டுத் தொட்டுச் சிரித்தது. யுவராணியும் சிரித்தவள்தான். இப்போது இந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, தினமும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கன்னத்தையும் மூக்கையும் நெற்றியையும் மாறி மாறி அழுத்திக்கொண்டு வருகிறாள், நேற்று கண்டக்டர் தலைவலியாம்மா, தைலம் தரட்டுமா என்று கேட்டேவிட்டார். முகத்தில் மூன்றும் மூன்று விதமாகத்தான் இருக்கின்றன. வயிற்றில் அப்படி இல்லை. தோல், தோலுக்கு அடியில் கொழுப்பு, பிள்ளை இருந்த இடம் காலியானதில் தொளதொளவென்று கிடக்கிற சதை, அத்தனைக்கும் அடியில் எங்கேயோ அந்தப் பை. கன்னம்தான். இல்லை, மூக்கு. மூக்காகத்தான் இருக்கவேண்டும், ஏனென்றால் கன்னமாக இருந்தால் ஓடவேண்டும். கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தால் தெரியும் என்று எடுத்தாள், வைத்தாள், தெரியவில்லை.

"ஒறக்கமா வருது சிஸ்டர்," என்றாள் இசக்கி. வரட்டுமே, ஏன் வரக்கூடாது, நேற்று சாயங்காலம் வலி கண்டவள், ராத்திரி முழுக்கக் கத்தியவள், காலையில் எல்லோரும் டீ குடிக்கிற நேரத்துக்குப் பெண் பிள்ளையைப் பெற்றுப் போட்டவள், அவளுக்கு வராமல் வேறு யாருக்குத் தூக்கம் வரும். இந்த ஊரில் உறக்கம் என்கிறார்கள், அவளுடைய கள்ளக்குறிச்சிப் பக்கம் தூக்கம். வார்த்தை வேறானால் விஷயமும் வேறாகிவிடும் என்றால் எவ்வளவு நன்றாக இருக்கும். "தூங்காதீங்கக்கா, கொஞ்ச நேரம் பேசிட்டிருங்க," என்றாள். "என்னத்தப் பேச," என்றாள் இசக்கி. "பாப்பாவுக்கு என்ன பேரு யோசிச்சிருக்கீங்க?" "அதுக்கு எங்க மாமியா இருக்காவ. எங்கிட்டயா கேக்கப் போறாவ," என்று இசக்கி கொட்டாவி விட்டாள். ரத்தம் குறைந்தால் கொட்டாவி வரும் என்று ஒரு பாடம் உண்டு. ராத்திரி கண்ணை மூடாதவளுக்கும் கொட்டாவி வரும், அதற்குப் பாடம் எதுவும் வேண்டாம். பக்கத்துக் கட்டில்கள் மூன்றும் காலியாக வெள்ளை விரிப்போடு கிடந்தன, மின்விசிறி சுற்றுகிறேன் பேர்வழி என்று முனகிக்கொண்டிருந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் பிரசவ அறையில் இன்னொருத்தி யம்மா யம்மா என்று அரற்றிக்கொண்டிருந்தாள், ஜெயசீலி சிஸ்டர் அவளை முக்கச் சொல்லி அதட்டுவது இங்கே கேட்டது. அந்தக் குரல் கேட்கிறவரைக்கும் யுவராணிக்குக் கொஞ்சம் தைரியம். குரல் நின்று போனால் உலகத்தில் தானும் இசக்கியும் மட்டும் மிஞ்சிவிடுவோம் என்று தோன்றியது.

தூக்கம் வருது பாப்பா, கொஞ்சம் தூங்கிக்கிறேன். பிள்ளை பெற்றுக் கிடந்த இன்னொருத்தி இப்படித்தான் கேட்டாள், பேர் தெரியாது, யுவராணி மூன்றாம் வருஷம் படிக்கும்போது, பெரியாஸ்பத்திரியில். பச்சை நெயில் பாலிஷ் போட்டிருந்தாள், ஒவ்வொரு விரலிலும் பாதி உரிந்து போயிருந்தது, முகம் மறந்துவிட்டது, அந்த நகங்கள் மறக்கவில்லை. யுவராணி அன்றைக்கு வெறும் மாணவி, யாரோ கொடுத்த, ரத்தம் எடுத்த சின்னக் குழாயைக் கொண்டு லேபுக்குப் போகிற வழியில், அந்தக் கட்டிலைத் தாண்டும்போது அவள் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டாள், தூங்கட்டுமா என்று, ஏதோ இந்தச் சின்னப் பெண்ணிடம் உத்தரவு வாங்கவேண்டும் என்பதுபோல. தூங்குங்கக்கா, நல்லா தூங்குங்க என்று சொன்னாள் யுவராணி. சிரித்துக்கொண்டே சொன்னாள். திரும்பி வரும்போது அந்தக் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள், திரைக்கு அடியில் எத்தனையோ கால்கள், எல்லாக் கால்களும் அவசரத்தில் இருந்தன, பிறகு அவசரம் இல்லாமல் நின்றன. இவள் சொன்னதால் ஒன்றும் ஆகவில்லை, ரத்தம் முன்பே போய்க்கொண்டிருந்தது, அது இவளுக்கு நன்றாகத் தெரியும், தெரிந்து என்ன பிரயோசனம், அந்தப் பெண் கடைசியாகக் கேட்டது இவளிடம், கடைசியாகக் காதில் வாங்கியது இவள் குரல். வீட்டில் சொல்லவில்லை, தோழிகளிடமும் சொல்லவில்லை. அம்மா தெருவில் எல்லோரிடமும் எம்பொண்ணு நர்ஸு எம்பொண்ணு நர்ஸு என்று சொல்லிக்கொண்டு அலைகிறாள். கண் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கலாம். கண் வலித்து யாரும் செத்துப்போவதில்லை. சொட்டு மருந்து விட்டு, பச்சைத் துணி கட்டி, இப்படியே மூடிட்டு இருங்கம்மா என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் சாப்பிடலாம். "சிஸ்டர், கை குளுருதே ஒங்களுக்கு," என்றாள் இசக்கி. "ஏசி ரூம்ல இருந்து வந்தேன்," என்று யுவராணி பொய் சொன்னாள், அந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரைத் தவிர வேறெங்கும் ஏசி கிடையாது.

மேல்மாடி தியேட்டரில்தான் டாக்டரம்மா இருந்தார், ஒரு சிசேரியன். கீழே ஜெயசீலி சிஸ்டர் ஒருத்தர்தான் ஆள். கூப்பிடலாம். எழுந்துபோய்க் கதவைத் தள்ளி, சிஸ்டர் எனக்கு இது கன்னமா மூக்கா என்று தெரியவில்லை, கொஞ்சம் வந்து தொட்டுப் பாருங்கள் என்று சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். சேர்ந்த புதிதில், பிறந்து கொஞ்ச நேரமே ஆன ஒரு பிள்ளையின் கைகாலெல்லாம் நீலம் பாரித்திருப்பதைப் பார்த்து, கையும் ஓடாமல் காலும் ஓடாமல், பிள்ளை போச்சு சிஸ்டர் பிள்ளை போச்சு என்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கத்திவிட்டாள், டாக்டரம்மா சாப்பிட்ட கையோடு படி இறங்கி ஓடிவந்தார், சாம்பார் ஈரம் காயாத கை, பிள்ளையின் உதட்டைப் பார்த்தார், நல்ல சிவப்பு, புதுசாப் பொறந்த எல்லாப் பிள்ளைக்கும் உள்ளங்கை உள்ளங்கால் கொஞ்ச நேரம் நீலமாத்தாம்மா இருக்கும், நாலு வருஷம் என்ன படிச்ச என்று கேட்டுவிட்டு அதே கையோடு மேலே போனார். அன்றைக்கு மத்தியானமே ஜெயசீலி சிஸ்டர் அவளுக்கு அலாரம் என்று பேர் வைத்துவிட்டார். கெட்ட மனசுக்காரி இல்லை, கொண்டுவந்த மீன் குழம்பில் ஒரு துண்டு இவள் தட்டில் போட்டுவிட்டுத்தான் தான் சாப்பிடுவார், ஆனால் என்னா அலாரம், இன்னைக்கு எத்தனை மணிக்கு அடிப்ப என்று கேட்காத நாள் இல்லை, பெருக்க வருகிறவர்கள்கூட இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பிள்ளை விஷயத்திலாவது நிறம் கண்ணுக்குத் தெரிந்தது. இதில் என்ன இருக்கிறது காட்ட. விரல் நுனியில் ஒரு சந்தேகம், அதை எப்படி எடுத்துக் காட்டுவது.

கண்ணுக்குத் தெரிவதெல்லாம் நன்றாகவே இருந்தது, சந்தேகப்பட இடமே இல்லாத நன்று. பிரஷர் நன்றாக இருந்தது. ஒவ்வொரு தரமும் சேலையை விலக்கித் துணியைப் பார்த்தாள், ஒவ்வொரு தரமும் வெள்ளை, ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு கறை, அவ்வளவுதான். விரிப்பில் சொட்டுக்கூட இல்லை. சென்னையிலிருந்து ஒரு குழு ஆஸ்பத்திரியைப் பார்வையிட இன்றைக்கு வருகிறது, வெளியே சுவரில் புதுச் சுண்ணாம்பு வாசம், கட்டிலுக்குக் கட்டில் புது விரிப்பு, பெட்டில் ஒரு பொட்டுக் கறை இருந்தாலும் என்னைத்தான் கேட்பான் என்று ஜெயசீலி சிஸ்டர் விடிந்ததிலிருந்து பாடிக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டை யுவராணி அப்படியே கொண்டுவந்து இசக்கியின் மைனியிடம் பாடினாள், துணைக்கு இருந்த ஒரே ஆள், அண்ணன் பெண்டாட்டி, சொர்ணம் என்று பேர். துணி நனைஞ்சா உடனே மாத்திடுங்க, பெட்ல கறை படவே கூடாது. இந்த வார்டுக்கு வந்ததிலிருந்து யுவராணி சொல்லி யாரும் எதுவும் கேட்டதில்லை, பார்வையாளர் நேரம் முடிந்தது என்று சொன்னால் சரி பாப்பா என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார்கள். சொர்ணம் மட்டும் எழுந்து நின்று, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, சரிங்க சிஸ்டர் என்றாள். யுவராணிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. சொர்ணத்தின் கை சும்மா இருக்காத கை. கட்டிலுக்கு அடியில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை இரண்டு, ஒன்றில் பழைய வேட்டியைக் கிழித்து மடித்த வெள்ளைத் துணிகள், இஸ்திரி போட்டதுபோல் அடுக்கி வைத்திருந்தாள். பிள்ளைக்கு முகம் துடைப்பாள், அம்மாக்காரிக்குத் தலை ஒதுக்குவாள், தண்ணீர் பாட்டிலைச் சுவரோடு நேராக வைப்பாள். இப்படி ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் யாருக்கு என்ன வந்துவிடும் என்று யுவராணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆனாலும் கன்னம்தான். கை சொல்கிறது கன்னம் என்று, கண் சொல்கிறது வெள்ளை என்று, இரண்டில் எது புதுசு, கைதான் புதுசு, கை எத்தனையோ தரம் ஏமாந்திருக்கிறது, கண் இருபத்துமூன்று வருஷமாகப் பார்க்கிறது, ஆகவே கண்ணை நம்பு, துணி வெள்ளை, துணி வெள்ளை. "நல்லா இருக்குக்கா," என்று சொல்லிச் சேலையை மூடினாள். போன தரமும் இதையே சொன்னாள். அதற்கு முந்தின தரமும். சொல்லும்போது இசக்கி கண்ணைத் திறந்து, சொல்கிறவளின் வாயையே பார்ப்பாள், பிறகு சமாதானமாகி மூடிக்கொள்வாள். இசக்கி என்றால் என்ன பேர் என்று வேலைக்கு வந்த முதல் நாளே யுவராணி கேட்டிருந்தாள், அந்தப் பேரில் இங்கே வாரத்துக்கு ஒருத்தி பிரசவத்துக்கு வருகிறாள். கையில் பிள்ளையோடு நிற்கிற அம்மன் என்றார்கள், பிள்ளை வேண்டி மஞ்சள் சேலை சாத்துவார்களாம், ஊர்க் கோடியில் இருக்கிறாள் என்றார்கள், அதற்குப் பிறகு பெருக்குகிற அம்மா குரலைத் தாழ்த்தி, வயித்துப் பிள்ளையோட செத்துப்போன பொம்பளதான் பாப்பா அவ என்றாள், சோற்றைக் கையில் எடுத்தபடி, சாதாரணமாக. அன்றைக்கு யுவராணிக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது அதை ஏன் நினைக்கவேண்டும். நாடி பார்ப்போம். இசக்கியின் மணிக்கட்டில் விரலை வைத்தாள், குதித்தது, வேகமாகக் குதித்தது, ரொம்ப வேகம், எண்ண ஆரம்பித்தாள், அது இசக்கியின் நாடியா தன் விரலுக்குள் குதிக்கிற தன் நாடியா என்று சந்தேகம் வந்ததும் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. பயந்தவள் நாடி பார்க்கக்கூடாது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி விட்டுப்போயிற்று. "மைனி, தண்ணி தா," என்றாள் இசக்கி. மைனியைக் காணோம். "இப்பந்தான குடிச்சீங்க?" என்றாள் யுவராணி. "நாக்கு ஒட்டுது சிஸ்டர்." உதடு வெளுத்திருப்பதுபோலத் தெரிந்தது, ஜன்னலிலிருந்து வருகிற வெளிச்சத்தில் எல்லாமே வெளுப்பு, தன் கையைக்கூடப் பார்த்தாள், அதுவும் வெளுப்பு. கொஞ்சம் கழித்துப் பார்ப்போம். அந்தக் கொஞ்சம்தான் பயம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அந்தப் பச்சை நகக்காரியும் போனாள்.

சொர்ணம் கழிவறைப் பக்கமிருந்து வந்தாள், கையை உதறிக்கொண்டே. பாட்டிலை எடுத்து இசக்கியின் வாயில் வைத்தாள், யுவராணி அந்தக் கையைப் பார்த்தாள், விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கிப்போயிருந்தது, மணிக்கணக்காகத் துணி துவைத்தவர்களின் விரல் மாதிரி. ஏன் பார்த்தாள் என்று தெரியாது, விரல்களையே யோசித்துக்கொண்டிருந்ததால் இருக்கலாம். "என்னக்கா, கையெல்லாம் இப்படி ஊறிக் கெடக்கு?" "துணி அலசுதேம்லா சிஸ்டர்." "என்ன துணி?" "இவ துணிதான். நீங்கதான சொன்னீங்க, நனைஞ்ச ஒடன மாத்தணும்னு." யுவராணிக்கு மனசு இன்னும் வந்து சேரவில்லை, கேள்வி மட்டும் வாயிலிருந்து தானாக வந்தது. "எப்ப எப்ப மாத்துனீங்க?" சொர்ணத்தின் முகத்தில் ஒரு பெருமை வந்தது, நன்றாகச் செய்த வேலையைச் சொல்லக் கிடைத்த பெருமை. "நீங்க ஒவ்வொரு தடவ வாறதுக்கு முன்னாடியும் மாத்திருதேன். நீங்க வந்து தொறந்து பாக்கையில அசிங்கமா இருக்கப்பிடாதுல்லா. இவளுக்கு ரொம்பத்தான் போவுது, ஆனா கெட்ட ரத்தந்தான, போனா நல்லதுதான்னு பேசாம இருக்கேன்." காலால் கட்டிலுக்கு அடியிலிருந்த இரண்டாவது கட்டைப்பையை முன்னுக்கு இழுத்துக் காட்டினாள், அலசிப் பிழிந்த துணிகள், ஒன்றின் மேல் ஒன்று, பை நிறைய, பிழிந்தும் சிவப்பு போகாமல்.

மாற்றின துணியை சிஸ்டரிடம் காட்டாமல் அலசக்கூடாது. பாடத்தின் மறுபாதி அது. முதல் பாதியை மட்டும் சொன்னாள், சுத்தத்தைச் சொன்னாள், காட்டச் சொல்லவில்லை, சொன்னதை ஒருத்தி கேட்டாள் என்ற சந்தோஷத்தில் மீதியை விழுங்கிவிட்டாள், இவ்வளவு நேரமும் அவள் பார்த்து நிம்மதிப்பட்டது ரத்தத்தை இல்லை, சொர்ணத்தின் சுத்தத்தை. கை சரியாகத்தான் சொன்னது. கை வயிற்றுக்குப் போயிற்று, தொப்புளுக்குக் கீழே இல்லை, கீழே எதுவுமே இல்லை, கொஞ்சம் மேலே ஏற்றினாள், அங்கே இருந்தது, தொப்புளுக்கு மேலே ஏறி, பெரிதாக, பிசைந்த மாவாக, கன்னம்கூட இல்லை. இவ்வளவு நேரமும் அது இல்லாத இடத்தில் அதைத் தேடியிருக்கிறாள். அழுத்தியதும் இசக்கியின் காலுக்கிடையில் சொதக்கென்று ஒரு சத்தம், புதுத் துணி ஒரு நொடியில் நிறம் மாறி, விரிப்பு நிறம் மாறி, கட்டில் ஓரம் வரைக்கும் ஓடிற்று. கூப்பிடு. கூப்பிட்டால் சிரிப்பார்கள் என்ற நினைப்பு அப்போதும் வந்தது, வெட்கம் கெட்ட நினைப்பு, அந்த நேரத்திலும் வந்து நின்றது, அதைத் தாண்டித்தான் குரல் வெளியே வரவேண்டியிருந்தது. "ஜெயசீலி சிஸ்டர்." சத்தமாக வரவில்லை. "சிஸ்டர்," என்று மறுபடி கத்தினாள், தன் குரலா என்று அவளுக்கே பயமாக இருந்தது. "என்னா அலாரம், இப்ப எந்தப் பிள்ளைக்கு நீலம்?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிரித்துக்கொண்டே கேட்டார் சிஸ்டர். "ரத்தம் சிஸ்டர். நிக்கல." அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

கையை எடுக்கக்கூடாது, தேய்க்கவேண்டும், வட்டமாக, விடாமல், அது தானாகச் சுருங்காவிட்டால் தேய்த்துச் சுருக்கவேண்டும், இசக்கி வலியில் அவள் கையைப் பிடித்துத் தள்ளினாள், "விடுங்க சிஸ்டர், விடுங்க," இவள் விடவில்லை, மன்னிச்சிக்கோக்கா மன்னிச்சிக்கோக்கா என்று சொல்லிக்கொண்டே தேய்த்தாள், ஜெயசீலி சிஸ்டர் ரத்தக் கையுறையோடு வந்தார், ஒரே பார்வை, கையுறையைக் கழற்றி வீசிவிட்டுப் புதுசை மாட்டினார், மேல்மாடிக்கு ஆள் ஓடிற்று, மருந்து ஏறிற்று, "மூத்திரம் போனாளா?" என்று சொர்ணத்தைக் கேட்டார், "எரியும்னு போமாட்டேன்னுட்டா," என்றாள் சொர்ணம் சுவரோடு ஒட்டி நின்று, "மூத்திரப்பை நெறஞ்சு போய்க் கெடக்கு, அதான் இது சுருங்க எடமில்லாம மேல ஏறிட்டு," என்று சொல்லி ரப்பர் குழாயைச் செருகினார், குழாய் வழியே வந்தது வந்துகொண்டே இருந்தது. சிஸ்டர் உதடு மட்டும் அசைய ஏசப்பா ஏசப்பா என்று சொல்லிக்கொண்டிருப்பதை யுவராணி பார்த்தாள், அவருடைய கை நடுங்கவில்லை, உதடு நடுங்கிற்று, இத்தனை வருஷம் ஆன பிறகும் இவருக்கும் பயம் என்பதைப் பார்த்ததும் யுவராணிக்குக் கடைசிப் பிடியும் விட்டுப்போனதுபோல் இருந்தது. விரிப்பெல்லாம் சிவப்பு, சென்னைக்காரர்கள் இப்போது வாசலில் வந்து நின்றால், நிற்கட்டும். தோள் வலித்தது. "ஒறங்கிராத ஏ இசக்கி, கண்ண முழி," என்று சிஸ்டர் கன்னத்தில் தட்டினார், இசக்கி கண்ணைத் திறந்து யுவராணியைத் தேடினாள், தூங்கட்டுமா என்று கேட்டுவிடுவாளோ என்று யுவராணி அவள் கண்ணைப் பார்க்காமல் தன் கையையே பார்த்தாள், கேட்காதே, என்னிடம் கேட்காதே, யாரிடம் வேண்டுமானாலும் கேள், கை வட்டமாகப் போய்க்கொண்டே இருந்தது, மாவு, மாவு, மாவு, கன்னம், பிறகு ஏதோ ஒரு வட்டத்தில் உள்ளங்கைக்கு அடியில் ஒன்று விழித்துக்கொண்டதுபோல் திரண்டது, மூக்கு, நிறுத்தவில்லை, இறுகிக்கொண்டே வந்தது, இறங்கிக்கொண்டே வந்தது, தொப்புளுக்குக் கீழே வந்து உருண்டையாக உட்கார்ந்தது. நெற்றி. சந்தேகத்துக்கு இடமே இல்லை. இத்தனை நாள் பஸ்ஸில் தேடியது எவ்வளவு லேசான விஷயம் என்று அவளுக்கு அழுகை வந்தது.

டாக்டரம்மா பச்சை அங்கியோடு வந்தார், தானும் அழுத்திப் பார்த்தார், துணியைப் பார்த்தார், கட்டிலுக்கு அடியிலிருந்த பையைத் திறந்து பார்த்தார். ரத்தம் ஏற்பாடு பண்ணச் சொன்னார், வெளியே இசக்கியின் புருஷன் பதில் சொல்லக்கூட நிற்காமல் செருப்பைத் தேடிக்கொண்டு ஓடுகிற சத்தம் கேட்டது. யுவராணியை அவர் திட்டவில்லை. கேஸ் ஷீட் எழுதும்போது அந்தப் பையையும் எழுதும்மா என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம் என்று இருந்தது. பக்கத்து அறைக்காரி மறுபடி கத்தினாள், ஜெயசீலி சிஸ்டர் "கைய எடுத்துராத," என்று சொல்லிவிட்டு அங்கே ஓடினார். மறுபடி அவர்கள் மட்டும். சொர்ணம் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். "நான் நல்லதுன்னு நெனச்சுத்தான செஞ்சேன் சிஸ்டர்." "உங்க மேல தப்பு இல்லக்கா. நான்தான் சரியா சொல்லல," என்றாள் யுவராணி. இனிமே காட்டுங்க, எவ்வளவு அசிங்கமா இருந்தாலும் காட்டுங்க என்றும் சொன்னாள்.

மருந்துத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. யுவராணி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், கை இசக்கியின் வயிற்றில், அது தன் உடம்பின் ஒரு பாகம்போல் ஆகிவிட்டது. இசக்கியின் உதட்டுக்கு நிறம் கொஞ்சம் திரும்பியிருந்தது, அல்லது திரும்பியது என்று நினைக்க ஆசையாக இருந்தது. "உள்ளேருந்து சூடா போய்க்கிட்டே இருந்துச்சு சிஸ்டர்," என்றாள் இசக்கி, கூரையைப் பார்த்தபடி, மெதுவாக. "எல்லாருக்கும் இப்பிடித்தான் போகும் போலன்னு நெனச்சேன். நீங்களும் வந்து வந்து பாத்து நல்லா இருக்குன்னு சொன்னியளா, அதான் ஒண்ணும் சொல்லல." குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். யுவராணிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "சிஸ்டர், பயந்துட்டீங்களா?" நோயாளியிடம் பயத்தைக் காட்டக்கூடாது என்று ஒரு பாடம் உண்டு, அந்தப் பாடத்தில் அவள் நல்ல மார்க் வாங்கினவள். "ஆமாக்கா," என்றாள். "ரொம்ப." "இப்பவும் பயமா இருக்கா?" "இருக்கு." இசக்கி அதை யோசிப்பதுபோல் இருந்தாள். பிறகு குழாய் செருகாத கையைத் தூக்கி, தன் வயிற்றின் மேல் இருந்த யுவராணியின் கைமேல் வைத்துக்கொண்டாள். விரல்கள் சில்லென்று இருந்தன, நகத்தில் பாலிஷ் எதுவும் இல்லை, வெறும் நகம், வேலை செய்து ஓரம் தேய்ந்த நகம். "அப்பம் நான் கொஞ்சம் ஒறங்கட்டுமா சிஸ்டர்?"

கேட்டுவிட்டாள். காலையிலிருந்து இந்தக் கேள்விக்குத்தான் ஓடி ஒளிந்தது. தியேட்டரிலிருந்து டாக்டர் மறுபடி வரட்டும், ஜெயசீலி சிஸ்டர் வரட்டும், அவர்களிடம் கேள், அவர்கள் சொன்னால் செல்லும். யாரும் வரவில்லை. கையால் பார்த்தாள், நெற்றி. துணியை விலக்கிப் பார்த்தாள், மாற்றாத துணி, கறை இருந்தது, இருக்கவேண்டிய அளவுக்கு இருந்தது, முதல் தடவையாக ஒரு கறையைப் பார்த்து நிம்மதி வந்தது. நாடி பார்த்தாள், இந்தத் தரம் அது யாருடையது என்று குழப்பம் வரவில்லை, தன்னுடையது ஓடிக்கொண்டிருந்தது, இசக்கியினுடையது நடந்துகொண்டிருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது. அன்றைக்கும் எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் இருந்தது. இல்லை, அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை, இவளும் பார்க்கவில்லை, சொல்லிவிட்டு லேபுக்கு நடந்தாள். வாயைத் திறந்தாள், வார்த்தை பல்லுக்குப் பின்னால் நின்றது. இசக்கி காத்திருந்தாள், உத்தரவு வாங்காமல் தூங்கமாட்டேன் என்பதுபோல, கண்ணை வலுக்கட்டாயமாகத் திறந்து வைத்துக்கொண்டு. "தூங்குங்கக்கா," என்றாள் யுவராணி. "நான் எங்கயும் போகல."

இசக்கி கண்ணை மூடிய மாத்திரத்தில் தூங்கிப்போனாள். சொர்ணம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து நின்றாள், பிள்ளையின் நனைந்த துணியைக்கூட விரித்துக் காட்டி, "இது ஒண்ணுக்குதான் சிஸ்டர், பாத்துக்கிடுங்க," என்றாள். வெளியே ஜீப் வந்து நிற்கிற சத்தமும் ஆட்களின் பேச்சும் கேட்டது. வாசலில் அடுத்த டூட்டிப் பெண் கைப்பையோடு எட்டிப் பார்த்தாள். "அலாரம், நேரமாச்சு, நீ கெளம்பு," என்று ஜெயசீலி சிஸ்டர் அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார், கேலியாகச் சொல்லவில்லை, அதுதான் அவள் பேர் என்பதுபோலச் சொன்னார். "இதோ சிஸ்டர்," என்றாள் யுவராணி, எழுந்திருக்கவில்லை. இசக்கியின் வயிறு அவள் கைக்கு அடியில் மேலே வந்தது, கீழே போயிற்று. போனது வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தது. அடுத்ததற்குக் காத்திருந்தாள்.